டபிள்யூ2246-0526: தூசிக்குள்ள உக்காந்து தின்னுகிட்டு இருக்கிற ஒரு கருந்துளையோட விவகாரம்

கும்ப ராசி நட்சத்திரங்கள் இருக்கிற பக்கம், ரொம்ப ரொம்ப தூரத்துல ஒரு கேலக்ஸி இருக்கு. பேர் டபிள்யூ2246-0526, வானத்துல அது இருக்கிற இடத்தோட நம்பர்தான் பேரே. அங்க இருந்து கிளம்பின வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேர கிட்டத்தட்ட 1240 கோடி வருஷம் ஆகியிருக்கு, அதாவது பிரபஞ்சத்துக்கே 130 கோடி வயசு இருக்கும்போது கிளம்பினது. மொத்த பவர் எவ்ளோன்னா மூணரை கோடி கோடி சூரியன், 35 போட்டு பின்னாடி 13 சைபர். நம்ம பால்வெளியோட ஒப்பிட்டா சுமாரா பத்தாயிரம் மடங்கு. ஆனா சாதாரண கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துல பாத்தா ஒரு மங்கலான புள்ளிதான், கிட்டத்தட்ட அந்த பவர் பூரா இன்ஃப்ராரெட்லதான் வெளிய வருது.

2015 மே மாசம் இது நியூஸ்ல வந்துச்சு, "இதுவரை தெரிஞ்சதுலயே பிரகாசமான கேலக்ஸி"ன்னு. நிறைய பேருக்கு அந்த ஹெட்லைனோட கதை முடிஞ்சுபோச்சு. எனக்கு இந்த விவகாரத்துல அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியமா படுது, ஏன்னா "கருந்துளை லிமிட்ட தாண்டி தின்னுது"ன்னு நாம படிக்கிற வரிக்குப் பின்னாடி ரெண்டு நம்பர் இருக்கு, ஒண்ணு இரும்பு மாதிரி கெட்டி, இன்னொண்ணு ஆடிக்கிட்டே இருக்கு, ரெண்டையும் ஒரே நம்பிக்கையோட எடுத்துக்கிட்டா தப்பாப் போயிரும்.

எப்படி மாட்டுச்சு

2009 டிசம்பர்ல நாசா வைஸ்னு ஒரு டெலஸ்கோப் அனுப்பினாங்க, கண்ணாடி வெறும் 40 செமீ, ஹபிள் பக்கத்துல வெச்சா பொம்மை மாதிரி இருக்கும். ஆனா வேலை பெருசு, மொத்த வானத்தையும் நாலு இன்ஃப்ராரெட் அலைநீளத்துல படம் எடுக்கணும்: 3.4, 4.6, 12, 22 மைக்ரான். இதுல கடைசி ரெண்டுக்கும் டெலஸ்கோப்பே கடுங்குளிர்ல இருக்கணும், இல்லைன்னா அதோட சொந்த சூடே படத்த கெடுத்துரும், அதனால உறைஞ்ச ஹைட்ரஜன வெச்சு குளிர வெச்சிருந்தாங்க. அந்த ஹைட்ரஜன் 2010லயே தீர்ந்துபோச்சு. ஆக 12, 22 மைக்ரான்ல முழு வானத்தோட படம் அந்த சில மாசத்துல எடுத்ததுதான்.

2012 மார்ச்ல வந்த கேட்டலாக்ல 56 கோடி பொருள் இருந்துச்சு. பீட்டர் ஐசன்ஹார்ட், ஜிங்வென் வூ இவங்க டீம் அதுல ஒரு விசித்திரமான ஃபில்டர் போட்டுப் பாத்தாங்க: 12லயும் 22லயும் பளிச்சுன்னு இருக்கணும், ஆனா 3.4லயும் 4.6லயும் இல்லாத மாதிரி இருக்கணும். முழு வானத்துக்கும் சேத்து சுமார் ஆயிரம் தேறுச்சு. 56 கோடில ஆயிரம்.

ஏன் அந்த ஃபில்டர்னு நம்ம கேலக்ஸிய வெச்சே பாக்கலாம். இதோட ரெட்ஷிஃப்ட் 4.6, அதாவது அங்க கிளம்பின அலைநீளம் இங்க வரும்போது 5.6 மடங்கு இழுபட்டிருக்கும். அப்போ நாம 3.4 மைக்ரான்ல பாக்குறது அங்க 0.6 மைக்ரான்ல கிளம்பினது, அது கண்ணுக்குத் தெரியுற சிவப்பு வெளிச்சம், நட்சத்திரங்களோட வெளிச்சம். 22 மைக்ரான்ல பாக்குறது அங்க 4 மைக்ரான், அது நட்சத்திரத்தோடது இல்ல, சூடான தூசியோட ஜொலிப்பு. நட்சத்திர வெளிச்சம் காணோம், தூசியோட சூடு மட்டும் எக்கச்சக்கம். யாரோ உள்ள அடுப்பு பத்த வெச்சிருக்காங்க, கதவு மட்டும் சாத்தியிருக்கு.

தூசியால மறைஞ்ச கேலக்ஸிங்கிறது ஏற்கனவே தெரிஞ்ச ஜாதிதான், 2008லயே அர்ஜுன் டே டீம் ஸ்பிட்சர் டெலஸ்கோப் டேட்டால இருந்து ஒரு கூட்டத்த பிரிச்சு எடுத்து அதுக்கு டாக்னு (DOG, டஸ்ட் அப்ஸ்க்யூர்டு கேலக்ஸி) சுருக்கப்பேர் வெச்சாங்க. வைஸ் பிடிச்சது அதுலயே இன்னும் சூடான வகை, அதனால ஹாட் டாக். விஞ்ஞானிகளுக்கு இந்த மாதிரி ஜோக் அடிக்கலைன்னா தூக்கம் வராது போல.

உள்ள இருக்கிறது யாரு

தூசிங்கிறது இங்க நம்ம வீட்டு புழுதி இல்ல, சிலிகேட்டும் கார்பனும் கலந்த நுண்ணிய துகள், புகை சைஸ்ல. அது அல்ட்ரா வயலட்டையும் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தையும் முழுங்கி, சூடாகி, இன்ஃப்ராரெட்டா வெளிய விடும். ஆனா எது சூடாக்குச்சுன்னு தூசி நேரடியா சொல்லாது. ரெண்டு சந்தேக நபர் உண்டு: புதுசா பொறக்குற நட்சத்திரக் கூட்டம், இல்லைன்னா மேட்டர விழுங்கிக்கிட்டு இருக்கிற பெரிய கருந்துளை.

நட்சத்திரம்னு வெச்சுப் பாப்போம். மூணரை கோடி கோடி சூரியன் பவர் வரணும்னா வருஷத்துக்கு சுமார் 35 ஆயிரம் சூரியன் எடைக்கு நட்சத்திரம் பொறக்கணும். பால்வெளில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் பொறக்குது. அந்த வேகத்துல போனா பால்வெளில இருக்கிற அத்தனை நட்சத்திரத்தையும் 20 லட்சம் வருஷத்துக்குள்ள செஞ்சு முடிச்சிரலாம், அண்டவியல் கணக்குல அது கண் சிமிட்டுற நேரம். ரெண்டாவது, நட்சத்திரம் பொறக்குற கேலக்ஸில தூசியோட சூடு 30, 40 கெல்வின் அளவுலதான் இருக்கும், ஹாட் டாக்ல 60ல இருந்து 100 வரைக்கும் போகுது, அதுக்கும் உள்ள 450 கெல்வின் வரைக்கும் சூடான தூசி இருக்கு. அந்த சூட்டுக்கு சின்ன இடத்துல இருந்து பயங்கரமான வெளிச்சம் அடிக்கணும். கருந்துளைதான். நட்சத்திரமும் பொறக்குதுதான், ஆனா பில்லுல பெரும்பகுதி கருந்துளையோடது.

இன்னொரு சந்தேகத்தையும் தீத்துடணும். இவ்ளோ பிரகாசமா ஏதாவது தெரிஞ்சா வானியல்காரங்க மொதல்ல கேக்குறது "நடுவுல லென்ஸ் இருக்கா?"ங்கிறதுதான். வழில வேற ஒரு கேலக்ஸி இருந்து அதோட ஈர்ப்பு வெளிச்சத்த வளைச்சுப் பெருக்கிக் காட்டும், 1998ல கண்டுபிடிச்ச ஏபிஎம் 08279+5255ங்கிற குவாசர் (கருந்துளை தின்னுறதால பளிச்சுன்னு எரியுற கேலக்ஸி நடுப்பகுதி) அப்படித்தான் எல்லாரையும் அசர வெச்சுட்டு அப்புறம் லென்ஸ்னு தெரிஞ்சுச்சு. டபிள்யூ2246க்கு ஹபிள் படத்துலயும் அல்மாங்கிற ரேடியோ டெலஸ்கோப் படத்துலயும் லென்ஸுக்கான அடையாளம் எதுவும் கிடைக்கல, வில் மாதிரி வளைஞ்ச பிம்பம் இல்ல, ரெட்டை பிம்பம் இல்ல. ஆக இந்த பிரகாசம் அதோட சொந்த சம்பாத்தியம்.

இதனாலதான் பிரகாசத்த இரும்பு மாதிரி நம்பர்னு சொன்னேன். வைஸ், ஸ்பிட்சர், ஹெர்ஷல், அப்புறம் தரைல இருக்கிற டெலஸ்கோப்னு பல அலைநீளத்துல அளந்து கூட்டின கணக்கு அது. 2015ல சாவ்-வெய் ட்சாய் டீம் சொன்னதுக்கும் 2018ல அவங்களே மறுபடி சொன்னதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டுமே மூணரை பக்கத்துலதான்.

எடிங்டன் கணக்கு

இப்போ லிமிட்னா என்னன்னு பாக்கணும். கருந்துளைக்குள்ள விழுற கேஸ் விழறதுக்கு முன்னாடி சுத்தி சுத்தி உரசி சூடாகி வெளிச்சம் விடும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு அழுத்தம் உண்டு, அது வெளிய தள்ளும், ஈர்ப்பு உள்ள இழுக்கும். ரெண்டும் சமமாகுற இடம்தான் எடிங்டன் லிமிட், அதுக்கு மேல வெளிச்சம் விட்டா வர்ற சாப்பாட்ட தானே தள்ளி விட்டுரும். (எடிங்டன்னா நம்ம ஆளுங்களுக்கு 1935 லண்டன் மீட்டிங்ல சந்திரசேகர கிண்டல் பண்ணின கதைதான் ஞாபகம் வரும், ஒரு நட்சத்திரம் அப்படி ஒரேயடியா சுருங்கிப்போறத இயற்கை அனுமதிக்கவே கூடாதுன்னு அடம் பிடிச்ச மனுஷன் பேருலதான் இன்னைக்கு கருந்துளையோட சாப்பாட்டுக் கணக்கே ஓடுது.)

கணக்கு சிம்பிள். ஒரு சூரியன் எடை கருந்துளைக்கு 32 ஆயிரம் சூரியன் பவர் லிமிட். 400 கோடி சூரியன் எடைன்னா லிமிட் 1.28 கோடி கோடி. நம்ம கேலக்ஸி விடுறது 3.6 கோடி கோடி. வகுத்தா 2.8. 2018ல ட்சாய் டீம் ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்ல போட்ட பேப்பரோட மைய ரிசல்ட் இதுதான், லிமிட்ட விட 2.8 மடங்கு.

சரி, அந்த 400 கோடி எங்க இருந்து வந்துச்சு? கருந்துளைய தராசுல வெச்சுப் பாக்க முடியாது. பக்கத்துல சுத்துற கேஸ் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாப்பாங்க, வேகமா ஓடினா ஸ்பெக்ட்ரத்துல கோடு அகலமாகும், அகலத்துல இருந்து எடை. இங்க எடுத்தது மக்னீசியம் கோடு, கிளம்பும்போது 2799 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.28 மைக்ரான், இங்க வரும்போது 1.57 மைக்ரான், தரைல இருந்தே அளக்கலாம். கார்பன் கோடும் இருக்கு, ஆனா அது கோணலா நீலப் பக்கம் சாஞ்சு கிடக்கு, அதாவது அந்த கேஸ்ல ஒரு பங்கு சுத்திக்கிட்டு இல்லாம நம்ம பக்கமா வெளிய பாய்ஞ்சுகிட்டு இருக்கு. அந்த சாய்வுக்குத் திருத்தம் போட்டா கார்பன்ல வர்ற எடையும் மக்னீசியத்தோட ஒத்துப்போகுதுன்னு சொல்றாங்க.

ஆனா பிழை எல்லைய பாருங்க, லாகரிதத்துல 0.4 ரெண்டு பக்கமும், அதாவது மேலயும் கீழயும் சுமார் ரெண்டரை மடங்கு. அத பிரிச்சா எடை 160 கோடில இருந்து 1000 கோடி சூரியன் வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். 1000 கோடின்னா ரேஷியோ 1.1, லிமிட்ட ஒட்டி உக்காந்திருக்குன்னு அர்த்தம். 160 கோடின்னா 7. ஒரே பொருள், ஒரே டேட்டா, "சமத்தா சாப்பிடுது"ல இருந்து "வெறி பிடிச்சு சாப்பிடுது" வரைக்கும் எல்லாமே இந்த எல்லைக்குள்ள அடங்குது. 2.8ங்கிறது நடுப்புள்ளி, அவ்ளோதான். ஹெட்லைன்ல நடுப்புள்ளி மட்டும்தான் வரும்.

இதுல தூசியோட வேலை வேற இருக்கு. இவ்ளோ தூசி மறைச்சிருந்தா உள்ள சுத்துற கேஸோட அல்ட்ரா வயலட் கோடு நமக்கு எப்படி தெரியுது? நியாயமா தெரியவே கூடாது. டபிள்யூ0116-0505ன்னு இன்னொரு ஹாட் டாக்ல இதே புதிர் வந்துச்சு, ரொபெர்ட்டோ அசெஃப் டீம் அந்த வெளிச்சத்தோட போலரைசேஷன (ஒளி அலை எவ்ளோ தூரம் ஒரே வாட்டத்துல அதிருதுங்கிறத) அளந்து பாத்தாங்க, நல்லாவே போலரைஸ் ஆகியிருந்துச்சு, அதாவது அது நேரடி வெளிச்சம் இல்ல, தூசித் திரைக்கு மேல இருக்கிற கேஸ் இல்லைன்னா தூசில பட்டுத் தெறிச்சு சுத்தி வந்த வெளிச்சம், மொத்தத்துல ஒரு சதவீதம் அளவுக்குத்தான். எல்லா ஹாட் டாக்குக்கும் இதே விளக்கம்னு சொல்ல மாட்டேன், ஆனா இந்த ஜாதில ஒரு கோட்டோட அகலத்த வெச்சு எடை சொல்றப்ப நாம பாக்குறது ஜன்னல் வழியாவா முகம் பாக்குற கண்ணாடி வழியாவாங்கிற கேள்விய கேட்டே ஆகணும்.

லிமிட்ட தாண்டுறது பாவமா என்ன

எடிங்டன் கணக்கு எல்லா பக்கமும் ஒரே மாதிரி கேஸ் விழுதுன்னு எடுத்துக்குது. நிஜத்துல தட்டு மாதிரி ஒரு வாட்டமாத்தான் விழும், வெளிச்சம் மேலயும் கீழயும் தப்பிச்சுப் போகலாம், அதனால கொஞ்சம் தாண்டுறதுல இயற்பியலுக்கு பெரிய பிரச்சனை இல்ல. சுவாரசியம் வேற இடத்துல. ரொம்ப வேகமா கேஸ் விழும்போது அந்தத் தட்டு தடியாகி, உள்ள பொறந்த வெளிச்சம் வெளிய வர்றதுக்குள்ள கேஸோட சேந்து அதுவும் உள்ளயே போயிரும். தேர் திருவிழா கூட்டத்துல ஒருத்தன் எதிர்த் திசைல நடக்கப் பாத்தா கூட்டமே அவன தள்ளிக்கிட்டுப் போற மாதிரிதான், அவன் நடக்குறான், ஆனா போறது பின்னாடி. அப்போ என்ன ஆகும்னா கருந்துளை எவ்ளோ அதிகமா தின்னாலும் வெளிய தெரியுற பிரகாசம் அதுக்கு ஏத்தபடி ஏறாது, ஒரு இடத்துல முட்டி நிக்கும். 2018 பேப்பர் இந்த வாய்ப்ப எழுப்புது: டபிள்யூ2246 அந்த நிலைல இருந்தா அது நிஜமா வளர்ற வேகம் பிரகாசத்துல இருந்து போடுற கணக்க விட அதிகம்.

பிரகாசக் கணக்கே சும்மா இல்ல. விழுற மேட்டர்ல பத்து சதவீதம் வெளிச்சமா மாறுதுன்னு வழக்கமான அனுமானம் வெச்சா வருஷத்துக்கு சுமார் 230 சூரியன் எடை உள்ள போகணும், ரெண்டு நாளைக்கு ஒரு சூரியனுக்கும் மேல. இந்த வேகத்துல சுமார் 2 கோடி வருஷத்துல அதோட எடை ரெண்டு மடங்குக்கு மேல ஆயிரும். அந்த பத்து சதவீதமும் கல்லுல செதுக்கினது இல்ல, கருந்துளை சுழலவே இல்லைன்னா ஆறு சதவீதம்கிட்ட, உச்ச வேகத்துல சுழன்றா 42 வரைக்கும் போகும். மெதுவா சுழல்ற கருந்துளை ஒரே வெளிச்சத்துக்கு அதிகமா தின்னும், சீக்கிரம் பெருக்கும். 2015ல இவ்ளோ சீக்கிரம் எப்படி இவ்ளோ பெருசாச்சுன்னு சொல்லப்பட்ட விளக்கங்கள்ல இதுவும் ஒண்ணு, மத்த ரெண்டு: பொறக்கும்போதே பெருசா பொறந்துச்சு, இல்லைன்னா லிமிட்ட தாண்டித் தாண்டி தின்னுச்சு.

இங்க ஒரு விஷயம், "இவ்ளோ பெரிய கருந்துளை அவ்ளோ சின்ன வயசுல இருக்கவே முடியாது"ன்னு சில வீடியோல சொல்றாங்க, அது மிகை. 100 சூரியன் எடைல ஆரம்பிச்சு லிமிட்லயே விடாம தின்னா 400 கோடிக்கு வர 80, 90 கோடி வருஷம் போதும், கைல இருந்தது 110 கோடி மாதிரி. முடியும். ஆனா அதுக்கு நடுவுல பட்டினியே கிடக்கக் கூடாது, கேஸ் வரத்து நிக்கக் கூடாது, அது நம்புறதுக்கு கஷ்டம். அங்கங்க கொஞ்ச காலம் லிமிட்ட தாண்டி தின்னுச்சுன்னு வெச்சா மீதி நேரம் சும்மா இருந்தாலும் கணக்கு நிக்கும். அதனாலதான் 2.8ஆ 1.1ஆங்கிறது முக்கியம்.

சாப்பாடு எங்க இருந்து வருது

இந்த விவகாரத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. சிலில அட்டகாமா பாலைவனம், 5000 மீட்டர் உயரத்துல சாஹ்னன்தோர் மேடு, அங்க 66 ஆன்டெனாவோட அல்மா. 2016ல தனியோ டியாஸ்-சான்டோஸ் டீம் அத வெச்சு இந்த கேலக்ஸில இருக்கிற கார்பன் அயனியோட கோட்ட அளந்தாங்க. கேஸ் ஒழுங்கா சுத்திக்கிட்டு இருக்கும்னு எதிர்பாத்தா, சுமார் 8000 ஒளியாண்டு அகலத்துக்கு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கொந்தளிப்பு, வினாடிக்கு 500, 600 கிலோமீட்டர். கருந்துளையோட வெளிச்சம் கேலக்ஸி முழுக்க கலக்கிவிட்டிருக்கு, சீக்கிரமே கேஸ எல்லாம் வெளிய தள்ளிரும்னு சொன்னாங்க. நியூஸ்ல "தன்னையே கிழிச்சுக்கிற கேலக்ஸி"ன்னு வந்துச்சு.

அப்புறம் 2018 நவம்பர்ல அதே டீம் சயன்ஸ் இதழ்ல இன்னொரு பேப்பர். இந்த தடவை அல்மாவ வெச்சு கேஸோட கோட்ட விட்டுட்டு தூசியோட ஜொலிப்ப ஆழமா படம் எடுத்தாங்க. பாத்தா சுத்தி மூணு சின்ன கேலக்ஸி, உருக்குலைஞ்சு கிடக்கு, அதுல இருந்து நம்ம கேலக்ஸி வரைக்கும் தூசி பாலம் நீண்டு கிடக்கு, ஈர்ப்பு இழுவைல உருவினது. அக்கம்பக்கத்த அது தின்னுகிட்டு இருக்கு. பிரபஞ்சத்துக்கு 130 கோடி வயசுல ஒரு நாலு கேலக்ஸி மோதல படமா பாக்குறோம்.

ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சாதான் விவகாரம் புரியும். ஒரு பக்கம் கேஸ் வெளிய தள்ளப்படுது, இன்னொரு பக்கம் புதுசா உள்ள கொட்டுது. அந்தப் பாலத்துல வர்ற பொருள்தான் கருந்துளைக்குத் தீனி, அதுவேதான் அத மறைக்கிற திரையும். சாப்பாடும் மறைப்பும் ஒரே லாரில வருது. அப்படிப் பாத்தா தூசிங்கிறது நம்ம பார்வைய கெடுக்கிற தற்செயலான இடைஞ்சல் கிடையாது, வேகமா வளர்ற நேரத்துல அது இருந்தே தீரும். 1988ல டேவ் சாண்டர்ஸ் டீம் பக்கத்து கேலக்ஸிகள வெச்சு மோதல், தூசி மூட்டம், கருந்துளை வளர்ச்சி, அப்புறம் தூசி விலகி பளிச்சுன்னு குவாசர்னு ஒரு வரிசை சொன்னாங்க, டபிள்யூ2246 அந்த வரிசைல திரை விலகுறதுக்கு முந்தின கட்டத்துல மாட்டின ஆள் மாதிரி இருக்கு.

"மாதிரி"ன்னு சொல்றேன், ஏன்னா ஒரு கேலக்ஸிய வெச்சு வரிசைய நிரூபிக்க முடியாது, நாம பாக்குறது ஒரே ஃபோட்டோ. ஆனா கூட்டமா எண்ணிப் பாக்கலாம். 2015ல அசெஃப் டீம் அப்படி எண்ணினதுல, ஹாட் டாக்கோட எண்ணிக்கையும் அதே அளவு பிரகாசமுள்ள தூசி இல்லாத குவாசரோட எண்ணிக்கையும் ஏறத்தாழ சமமா வந்துச்சு. ரெண்டும் ஒரே பொருளோட ரெண்டு கட்டம்னா, மூடின கட்டமும் திறந்த கட்டமும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் நீடிக்குதுன்னு ஆகுது. அப்போ திறந்திருக்கிற குவாசர மட்டும் எண்ணி கருந்துளை வளர்ச்சிக் கணக்கு போட்டவங்க, இந்த பிரகாசத்துலயாவது பாதிய விட்டுட்டாங்க.

எடை இப்போ எங்க நிக்குது

2015ல கிடைச்ச "மிகப் பிரகாசமான" பட்டம் இப்போ தனியா இதுக்கில்ல. 2024 பிப்ரவரில கிறிஸ்டியன் வோல்ஃப் டீம் ஜே0529-4351ங்கிற குவாசர அறிவிச்சாங்க, 5 கோடி கோடி சூரியன் பவர், தூசி மறைப்பு இல்லாதது, எடை 1700 கோடி சூரியன், தினம் ஒரு சூரியன தின்னுதுன்னு. அதுவும் அகலக் கோட்ட வெச்சு சொன்ன எடைதான். ஆனா அடுத்த வருஷமே சிலில இருக்கிற விஎல்டி டெலஸ்கோப்ப எல்லாம் இணைச்சு கிராவிட்டி பிளஸ் டீம் அந்த சுத்துற கேஸையே நேரடியா பிரிச்சுப் பாத்தாங்க. எடை 80 கோடி சூரியன் பக்கத்துல வந்து நின்னுச்சு. பத்து மடங்குக்கும் மேல கீழ. காரணம், அந்தக் கோட்டு அகலத்துல பெரிய பங்கு சுத்துற கேஸோடது இல்ல, வெளிய பாயுற கேஸோடது.

டபிள்யூ2246லயும் கார்பன் கோடு சாஞ்சு கிடக்குன்னு மேல சொன்னேன்ல, அதனாலதான் எனக்கு அந்த 400 கோடி மேல ஒரு கண். அங்கயும் அதே கதைன்னா எடை குறையும், எடை குறைஞ்சா லிமிட்டும் குறையும், பிரகாசம் மாறாததால 2.8ங்கிறது இன்னும் மேலதான் போகும். மக்னீசியத்த விட நம்பகமானது ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு, தூசியும் அத கொஞ்சம் கம்மியாத்தான் மறைக்கும், ஆனா இந்த ரெட்ஷிஃப்ட்ல அது 3.7 மைக்ரானுக்கு நகந்து போயிருக்கு, தரைல இருந்து அந்த இடத்துல மங்கலான கேலக்ஸிய அளக்குறது நடக்காத காரியம், ஜேம்ஸ் வெப்போட ஸ்பெக்ட்ரோகிராஃபுக்கு அது சௌகரியமான இடம். அந்தக் கோடு ரெண்டு பக்கமும் சமமா அகலமா இருந்தா 400 கோடி தாங்கும், கார்பன் மாதிரி நீலப் பக்கம் சாஞ்சிருந்தா எடைய மறுபடி மொதல்ல இருந்து போடணும்.